ஹூட் டு கோஸ்ட் இரவு ரிலே: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் 1982 முதல் நடந்துவரும் ரிலே ஓட்டம் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

சார், 12 பேர் சேர்ந்து 300 கி.மீ.க்கு மேல் ஓடுவது எப்படி?

மவுண்ட் ஹூட் மலையில் சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள டிம்பர்லைன் லாட்ஜில் தொடங்கி, பசிபிக் கரையிலுள்ள ஸீசைடில் முடியும். மொத்தம் 36 லெக் (ஒருவர் ஓடி அடுத்தவரிடம் கைமாற்றும் வரையிலான பகுதி), ஆளுக்கு மூன்று. வேனுக்கு ஆறு பேராக இரண்டு வேன். முதல் வேனுக்கு 1–6, 13–18, 25–30. மீதி இரண்டாவது வேனுக்கு. வரிசை மாறாது: முதல் லெக் ஓடியவரே 13, 25 ஓட வேண்டும்.

எங்கள் குழு மெதுவாக ஓடும். கடைசியில் தனியாக நிற்போமா?

மாட்டீர்கள். மெதுவான குழுக்களை முன்பே அனுப்பிவிடுவார்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கும் வேகத்தை வைத்தே புறப்படும் நேரம் முடிவாகும், அதனால் உண்மையை எழுதுங்கள். 10 கி.மீ. போட்டி வேகத்தை அப்படியே போடாமல், கி.மீ.க்கு 15–20 விநாடி கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது லெக்கில் கால் அந்தப் பழைய வேகத்துக்கு வராது.

அண்ணா, தூங்க எவ்வளவு நேரம் கிடைக்கும்?

குழுவின் கதி இதில்தான் இருக்கிறது. கி.மீ.க்கு 6 நிமிடம் என்றால் ஒரு வேனின் ஆறு லெக்கும் முடிய ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். அதுதான் மற்ற வேனின் ஓய்வு. அடுத்த கைமாற்றும் இடத்துக்கு வண்டி ஓட்டுவது, சாப்பாடு, கழிப்பறை வரிசை எல்லாம் போக இரண்டு, இரண்டரை மணி நேரம் மிஞ்சும். பலர் இதைப் பேசியே தொலைக்கிறார்கள். கடைசி ஆள் ஓடி முடித்ததும் நேராக அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கே போய்ச் சாப்பிட்டுப் படுங்கள். போட்டியில் ஓடாத, வண்டி மட்டும் ஓட்டும் ஒருவர் ஒவ்வொரு வேனிலும் இருந்தால் மிக நல்லது. இந்தப் போட்டியில் எனக்குப் பெரிய பயம் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவதுதான்.

செல்போன் போதாதா? தாளில் எதற்கு அட்டவணை?

கோஸ்ட் ரேஞ்ச் மலைப்பகுதியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அடுத்து ஓட வேண்டியவர் இன்னும் வந்து சேராமல், ஓடி வந்தவர் காத்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு லெக்குக்கும் உத்தேச நேரத்தை எழுதி இரண்டு வேனிலும் ஒட்டுங்கள். பின்பாதியில் கைமாற்றும் இடங்களை நெருங்கும்போது வேன்கள் நெரிசலில் சிக்கும். வேன் நகராவிட்டால் அடுத்து ஓடுபவர் இறங்கி நடந்துவிடட்டும்.

இரவு லெக்குக்கு என்னென்ன வேண்டும்?

தலைவிளக்கு, ஒளி பிரதிபலிக்கும் மேலாடை, முதுகில் மினுக்கும் சிவப்பு விளக்கு, மாற்று பேட்டரி. லெக்குக்கு ஒன்றாக மூன்று ஜிப் பைகளில் உடை, காலுறை. ஓடி முடித்ததும் ஈர உடையை மாற்றாவிட்டால் வேனில் குளிர் பிடித்து, தசை இறுகிவிடும்.

முதல் லெக் முழுக்க இறக்கம்தானே, சுலபமா?

மூச்சுக்குச் சுலபம், தொடைக்கு இல்லை. இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தடுத்துப் பிடிக்கிறது. அந்த வலி 13ஆம் லெக்கில் தெரியும். இறக்கத்தில் பழகிய ஆளையே போடுங்கள், காலடியைச் சுருக்கி ஓடச் சொல்லுங்கள்.