ஏர் பிஸ்டல் பிடி: வாசகர் கேள்விகள்

கேள்வி: 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறேன். வலது கைக்காரி. பழைய பிடி வழுக்கியதால் தனியாக ஒரு மரப்பிடி வாங்கி மாட்டினேன். 30 ஷாட் தாண்டியதும் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது. குண்டுகளும் இடப்பக்கமாகவே விழுகின்றன. பிடியை மாற்றிவிடலாமா?
- வாசகி, கோவை

பதில்: அவசரப்பட வேண்டாம். இரண்டுக்கும் காரணம் வெவ்வேறாக இருக்கலாம். இரண்டையும் சரிசெய்யவும் வழி உண்டு.

மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் கையின் அடியில் இருக்கும் தாங்கிதான் காரணம். கை நழுவாதிருக்க அதை மேலேற்றிக் கவ்வ விடுகிறார்கள், அது தவறு. ஒவ்வொரு முறையும் கை அதே உயரத்தில் அமர வைப்பதுதான் தாங்கியின் வேலை. திருகைத் தளர்த்தி, கையைச் சுடும் நிலைக்கு உயர்த்தி, தாங்கி தோலைத் தொடும் வரை ஏற்றுங்கள். பிறகு 1 மி.மீ. இறக்கி முடுக்குங்கள். பயிற்சியில் கை சற்று உப்பும். எனவே கால் மணி நேரம் பிடித்துப் பழகிய பிறகே இதைச் செய்யுங்கள்.

குண்டு இடப்பக்கம் போனால், விரல் நுனி மட்டும் டிரிகரை எட்டுகிறதா என்று பாருங்கள். நுனியால் அழுத்தும்போது டிரிகர் நேராகப் பின்னே வராது, பக்கவாட்டில் தள்ளப்படும். முதல் கணுவின் சதை நடுவே டிரிகர் அமர வேண்டும். முதலில் டிரிகர் நாக்கைத் திருகு தளர்த்திப் பின்னுக்கு நகர்த்துங்கள். போதாவிட்டால் மட்டுமே மரத்தில் கை வையுங்கள்: பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டை அமரும் இடத்தில், ஒரு தடவைக்கு அரை மி.மீ.க்கு மேல் போகாமல், 80 எண் உப்புத்தாளால் தேய்த்து 240 எண்ணால் மெருகேற்றுங்கள். ஆள்காட்டி விரல் பக்கவாட்டு மரத்தில் உரசவும் கூடாது. இடையே ஒரு தபால் அட்டை நுழைய வேண்டும்.

வேறெங்கே அழுத்துகிறது என்று தெரிய, உள்ளங்கையில் நீலச் சாக்பொடி பூசிப் பிடியுங்கள். பொடி அடர்த்தியாக ஒட்டிய இடம் அழுத்தும் இடம். ஒட்டாத இடம் வெற்றிடம். வெற்றிடத்தில் முதலில் குழந்தைகளின் களிமண்ணை ஒட்டி ஒரு வாரம் பழகுங்கள். சரிப்பட்டால் இருபகுதி எபாக்சி மரப்புட்டி வையுங்கள். பச்சைப் புட்டி தோலில் ஒவ்வாமை தரும், கையுறை கட்டாயம். விரலுக்கு விரல் ஆழமான பள்ளம் தோண்டாதீர்கள். கை சற்று விலகினாலும் மேடு குத்தும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் குண்டில்லாத பிஸ்டலைக் கண்மூடி இலக்குநோக்கி உயர்த்திக் கண்திறந்து பாருங்கள். குழல் நுனியிலுள்ள முன்குறி, கைப்பக்கமுள்ள பின்குறியின் நடுவே தானாக நிற்க வேண்டும். மேலே நின்றால் பிடியின் சாய்வைக் குறையுங்கள். மணிக்கட்டை வளைத்துச் சமாளித்தால் சோர்ந்ததும் பிழை திரும்பிவிடும். எந்தப் பிடி மென்மையாக இருக்கிறது என்பதைவிட இந்தச் சோதனையையே நான் நம்புவேன்.

கேள்வி: பிடியை மாற்றினால் போட்டியில் தள்ளிவிடுவார்களா?
- வாசகர், மதுரை

பதில்: விதிக்குள் இருந்தால் மாட்டார்கள். சர்வதேச விதிப்படி, பிடியோடு சேர்ந்த பிஸ்டல் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. தாங்கி பிடியோடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும், மேல்நோக்கி வளையக்கூடாது. பிடியின் எந்தப் பகுதியும் கையைச் சுற்றி வரக்கூடாது, மணிக்கட்டுக்குத் தாங்கலும் கூடாது. புட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது தாங்கியின் ஓரத்தை உயர்த்துவதில்தான்.

கேள்வி: மகனுக்கு 13 வயது. கை வளருமே, பெரிய அளவாக வாங்கலாமா?
- வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். பெரிய பிடியில் விரல் நுனியால் இழுக்கும் பழக்கம் ஊறிவிடும். இன்றைய கைக்கு வாங்குங்கள். கையைத் தாளில் வைத்து வரைந்து, தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். S, M, L என்ற அளவெழுத்து ஒன்றாக இருந்தாலும் உண்மையான அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.