'வடக்கன்' என்ற சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'வடக்கன்' என்று சொல்வது இன வெறுப்பு என எழுதியிருந்தீர்கள். முன்பதிவுப் பெட்டியில் சீட்டில்லாமல் ஏறி, இடத்தைப் பிடித்துக்கொண்டு, கதவோரம் பான் துப்புகிறவர்களைத்தான் நான் அப்படிச் சொல்கிறேன். ஒழுங்காக இருக்கும் வட இந்தியர்மேல் எனக்கு எந்தக் கசப்பும் இல்லை. வடக்கிலிருந்து வந்தவன் வடக்கன், இதில் வசை எங்கே இருக்கிறது? நடத்தையைக் கண்டிக்கவும் கூடாதா?

கி.

அன்புள்ள கி.,

உங்கள் கோபம் நியாயமானது. 60 நாள் முன்பே பதிவு செய்த இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்கு நீங்கள் எடுத்த சொல்தான் தவறு.

தீபாவளிக்கு முந்தைய இரவு எழும்பூர் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். தென்மாவட்ட ரயில்களின் முன்பதிவுப் பெட்டிகளில் சீட்டில்லாமல் ஏறி, கழிவறை வாசல்வரை நிற்பவர்கள் நம் ஆட்கள். அவர்களைத் 'தெற்கன்' என்று யாரும் திட்டுவதில்லை. "பாவம், ஊருக்குப் போக வேண்டாமா" என்கிறோம். செயல் ஒன்றுதான், ஆனால் அந்தப் பெயர் நம்மவர்மேல் ஒட்டவில்லை. மறுபக்கம், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து பேசாமல் பேருந்துக்கு நிற்கும் ஒடிசா பையன் யாருடைய இருக்கையையும் பிடிக்கவில்லை, அவனும் வடக்கன்தான். குற்றம் செய்த நம்மவரை விட்டுவிட்டு, குற்றமே செய்யாத அவனைப் பிடிக்கிற சொல் எந்த நடத்தையைக் கண்டிக்கிறது?

இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். சௌகார்பேட்டை அடகுக்கடைக்காரர் நமக்குச் 'சேட்டு'. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த கலெக்டர் 'சார்'. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவன் மட்டும் 'வடக்கன்'. இந்தச் சொல் குறி வைப்பது பிறந்த ஊரும் வறுமையும் சேர்ந்த ஓர் ஆளை. உங்கள் மனத்தில் அது இல்லை என்பதை நம்புகிறேன். ஆனால் சொல்லைக் கேட்கிறவர் உங்கள் மனத்தைப் படிக்க முடியாது, ஊரில் அது புழங்கும் விதத்தைத்தான் அறிவார்.

"வடக்கிலிருந்து வந்தவன் வடக்கன்" என்ற வாதத்துக்கு மலேசியத் தமிழரிடம் பதில் இருக்கிறது. கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்த 'கெலிங்', பழைய மலாய் நூல்களில் இந்தியரைக் குறிக்கும் வெறும் பெயர். பினாங்கில் தமிழ் முஸ்லிம்களுக்கு உரிய 'கப்பித்தான் கெலிங்' பள்ளிவாசல் இன்றும் அதே பெயரோடு மதிப்பாக நிற்கிறது. அதே சொல்லைத் தெருவில் ஒரு தமிழரைப் பார்த்துச் சொன்னால் அது வசை. சொல் எங்கிருந்து வந்தது என்று விளக்கி அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

நடத்தை என்ற சாக்கும் நமக்குப் பழக்கமானதுதான். 1966இல் பம்பாயில் தொடங்கிய சிவசேனை, 'மதராசிகள்' குமாஸ்தா வேலைகளை வளைத்துக்கொள்கிறார்கள், தங்கள் ஆட்களையே சேர்க்கிறார்கள் என்று குற்றம் சாட்டியது. அந்த இயக்கத்தின் இதழான 'மார்மிக்' அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. யார் என்ன தவறு செய்தார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, பெயரே குற்றமாகிவிட்டது. அன்று குற்றம் சாட்டியவர்களின் இடத்தில் இன்று நாம் நிற்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, மதம், இனம் ஆகியவற்றோடு பிறந்த இடம், வசிப்பிடம், மொழி ஆகியவற்றின் பேரில் பகை வளர்ப்பதையும் குற்றமாக்குகிறது. மூன்றாண்டுவரை சிறை. கோபத்தில் வாய்தவறிய ஒற்றைச் சொல் எளிதில் அதற்குள் வராது. ஆனால் அந்தச் சொல்லோடு "அடித்து விரட்டுங்கள்" என்று சேர்ந்தால் கதை வேறு.

இனி உண்மையான நடத்தைக்கு வருவோம். முன்பதிவுப் பெட்டியில் ஏறுகிறவர்களில் ஒரு பகுதியினர் சீட்டே வாங்காதவர்கள் அல்லர், காத்திருப்புச் சீட்டு வைத்திருப்பவர்கள். இணையத்தில் எடுத்த சீட்டு, பயணிகள் பட்டியல் தயாரான பிறகும் முழுவதும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். நிலையக் கவுன்டரில் எடுத்த சீட்டு அப்படி ரத்தாகாது. கையில் தாள் இருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று, எனவே ஏறலாம் என்று நினைக்கிறார்கள். விதிப்படி ஏற முடியாது. ரயில் புறப்பட அரைமணி நேரத்துக்கு முன்பே சீட்டை ஒப்படைத்தால்தான் பணம் கிடைக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. பொதுப்பெட்டியிலும் கால் வைக்க இடமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ரயில்வே உதவி எண்ணான 139க்கு அழையுங்கள், அல்லது ரயில்வேயின் 'ரயில்மதத்' செயலியில் புகார் பதியுங்கள். பி.என்.ஆர். எண், பெட்டி எண், படுக்கை எண், அடுத்து வரும் நிலையம் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். "பெட்டி முழுக்க வடக்கன்கள்" என்று எழுதினால் பரிசோதகருக்கு எங்கே போக வேண்டும் என்றே தெரியாது. "எஸ் 4, 33ஆம் படுக்கையில் சீட்டில்லாத இருவர்" என்றால் அவர் நேராக அங்கே வருவார். அனுமதியில்லாமல் முன்பதிவுப் பெட்டியில் ஏறி, ஊழியர் சொன்ன பிறகும் வெளியேற மறுப்பவரை வெளியேற்றவும் 500 ரூபாய்வரை அபராதம் விதிக்கவும் ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவு இடம் தருகிறது. எச்சில் துப்பினாலும் 500 ரூபாய்வரை அபராதம் உண்டு. இரண்டு விதியிலும் ஊர் பற்றிய பேச்சே கிடையாது.

வேலைக்கு வந்தவரை வடமாநிலத் தொழிலாளர் என்று சொல்லலாம். பக்கத்துக் கடையில் தினமும் தேநீர் தருகிறவர் என்றால், பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லி அழையுங்கள்.