குடை வேண்டாம், குரங்குக் குல்லாய் வேண்டும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 62. கணவருக்கு 67. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. பிப்ரவரிக் கடைசியில் 24 பேர் கொண்ட குழுவோடு எட்டு நாள் ஐஸ்லாந்து போகிறோம். கொடைக்கானலைத் தாண்டிய குளிரை நாங்கள் பார்த்ததில்லை. சுற்றுலா நிறுவனம் தந்த தாளில் ‘கனமான கம்பளி உடைகள்’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. மைனஸ் முப்பது டிகிரி தாங்கும் ஜாக்கெட் வாங்கச் சொல்கிறான் மகன். நாங்கள் சைவம். எப்படித் தயாராவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, முதலில் மகனைச் சற்று நிறுத்தி வையுங்கள். மைனஸ் முப்பது ஜாக்கெட் பின்லாந்தின் வடகோடிக்குப் போகிறவர்களுக்கு. ஐஸ்லாந்தின் பெயரில்தான் ஐஸ் இருக்கிறதே தவிர, அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அதன் கரையைத் தொட்டுக்கொண்டு போவதால், தலைநகர் ரேக்யவிக்கில் பிப்ரவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்ய டிகிரியை ஒட்டியே இருக்கும். ‘அப்படியானால் பயமில்லை’ என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. அந்த நாட்டில் உங்களை வாட்டப்போவது குளிர் அல்ல, காற்றும் ஈரமும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பெட்டியில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது தானாகவே விளங்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன், ஆசிரியைக்குப் பிடிக்கும். அங்கே காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் அறிவிப்பார்கள். அதை 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். நொடிக்கு 15 மீட்டர் என்றால் மணிக்கு 54 கிலோமீட்டர். குளிர்காலத்தில் அப்படி வீசுவது அங்கே அபூர்வமல்ல. வெப்பநிலை பூஜ்யமாக இருந்தாலும் அந்தக் காற்றில் திறந்த தோலுக்கு அது மைனஸ் எட்டு போல உறைக்கும். அதோடு மழையோ, பாதி உருகிய பனியோ தலைக்கு மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அறையும். என் முதல் பயணத்தில் ஜீன்ஸ் அணிந்து, கையில் குடையோடு ஸ்கோகாஃபோஸ் அருவியின் முன்னால் போய் நின்றேன். குடை இரண்டாவது நிமிடத்தில் மலர்ந்து தாமரையானது. ஜீன்ஸ் மாலை வரை காயவில்லை. அன்று பட்ட நடுக்கம் இன்றும் நினைவிருக்கிறது. குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

உடைக்கு வருவோம். ஒரே கனமான உடையை விட மெல்லிய மூன்று அடுக்குகள் மேல். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியிலோ செயற்கை இழையிலோ செய்த தெர்மல். அதன் மேல் ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணி மேலாடை அல்லது ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே, நீரும் காற்றும் புகாத, தலைமூடியுள்ள ஜாக்கெட். கால்சட்டைக்கும் இதே விதிதான். மழை புகாத மேல்கால்சட்டையைப் பலர் மறந்துவிட்டு, முட்டிக்குக் கீழே நனைந்து நிற்பார்கள். பருத்தி மட்டும் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு வரமாக இருக்கும் பருத்திப் பனியன், நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடல் சூட்டை உறிஞ்சிவிடும். மழையில்தான் நனைய வேண்டும் என்பதில்லை, வியர்வையே போதும். சூடேற்றிய பஸ்ஸுக்குள் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வியர்த்துவிட்டு, அப்படியே இறங்கிக் காற்றில் நிற்பதுதான் நம்மவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு. ஏறியதும் கழற்றுங்கள், இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு மாட்டுங்கள்.

புடவைதான் வசதி என்றால், தெர்மல் கால்சட்டைக்கு மேலே விடுதிக்குள் கட்டிக்கொள்ளலாம். வெளியே வேண்டாம், கரை நனைந்து உறைந்தால் காலைத் தடுக்கும். எட்டு நாளுக்கு ஆளுக்கு மூன்று ஜோடி தெர்மல், நான்கைந்து ஜோடி கம்பளிக் காலுறை போதும். கையுறை இரண்டு ஜோடி: மெல்லியது உள்ளே, நீர் புகாதது மேலே. படம் எடுக்கும்போது மேலுறையை மட்டும் கழற்றினால் விரல் விறைக்காது. ஸ்வெட்டரை இங்கே வாங்காமல் அங்கே கையால் பின்னிய ‘லோபபெய்சா’ வாங்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். அருமையான பொருள்தான், அந்த நாட்டு ஆட்டின் ரோமம் நீரைத் தள்ளும் வெளி இழை, சூட்டைக் காக்கும் உள் இழை என்று இரண்டு வகையாக வளர்கிறது. விலைதான் மூச்சை அடைக்கும். வாங்கினால் ஆசைக்காக வாங்குங்கள், அவசியத்துக்காக வேண்டாம்.

நாமே கேலி செய்யும் குரங்குக் குல்லாயை மறக்காதீர்கள். காது, கழுத்து, தாடை மூன்றையும் ஒரே துணியில் மூடும் அதைவிடப் பொருத்தமானது அங்கே கிடையாது. பின்னல் வழியாகக் காற்று புகும் என்பதால் ஜாக்கெட்டின் தலைமூடியை அதன் மேல் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கெட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைக் காலணிக்கு மாற்றச் சொல்வேன். கணுக்காலை மூடும், நீர் புகாத, அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் உள்ள மலையேற்றக் காலணி வேண்டும். தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டுதான் அளவு பாருங்கள். விரல்கள் உள்ளே அசைய வேண்டும், இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே வாங்கி, தினமும் அரை மணி நேரம் அதோடு நடந்து பழக்குங்கள். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அடுத்தது, உங்கள் தாளில் எழுதப்படாத, ஆனால் கணவரின் முழங்காலுக்காக நான் முதலில் எழுதியிருக்கக்கூடிய பொருள்: காலணிக்கு அடியில் ரப்பர் பட்டையோடு மாட்டும் இரும்பு முள். பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து, கண்ணாடி போல வழுக்கும். ரேக்யவிக்கின் மையத்தில் சில நடைபாதைகளுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுவதால் அங்கே பனி தங்காது. அருவிகளின் வாகன நிறுத்தங்களில் அந்தச் சொகுசு இல்லை. நிறுவனம் இந்த முள் பட்டையைத் தருகிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் இங்கேயே வாங்கலாம், அங்கே பெட்ரோல் நிலையங்களிலும் கிடைக்கும். கடைக்குள்ளும் பஸ்ஸிலும் ஏறும்போது கழற்றிவிட வேண்டும். கணவருக்கு மடக்கும் கைத்தடி ஒன்று, பெரிய பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பாதம் முழுவதும் தரையில் படும்படி சிற்றடி வைத்து, பெங்குவின் போல நடப்பதுதான் அங்கே மரியாதையான நடை.

எங்கே இறங்க வேண்டும், எங்கே வேண்டாம் என்பதையும் இப்போதே பேசி வைத்துவிடலாம். ஸ்கோகாஃபோஸ் அறுபது மீட்டர் உயர அருவி. பக்கத்தில் மேலே ஏற ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. அருவியின் அழகு கீழேதான், அவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். செல்யாலாந்ஸ்ஃபோஸ் அருவியின் பின்புறம் போகும் பாதையும் குல்ஃபோஸ் அருவியின் கீழ்ப்பாதையும் உறைபனிக் காலத்தில் பெரும்பாலும் மூடியே இருக்கும். கயிற்றைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள். கெய்சிர் பகுதியில் மட்டும் அவருக்குப் படியேறும் கவலை வேண்டாம்: நிலம் பெரும்பாலும் சமம், ஸ்ட்ரோக்குர் வெந்நீர் ஊற்று ஆறிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீய்ச்சும், ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய அவசரமே இல்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, ஆவி முகத்தில் அடிக்காத திசையில் நில்லுங்கள்.

ரெய்னிஸ்ஃபியாரா என்ற கருமணல் கடற்கரை வேறு விஷயம். இங்கே நான் கண்டிப்பாகப் பேசுவேன். சாதாரண அலைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு பேரலை கரையின் உள்ளே வெகுதூரம் ஏறிவந்து ஆளை இழுத்துவிடும், உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கை விளக்கு என்ன நிறம் என்று பார்த்து, வழிகாட்டி காட்டும் இடத்தோடு நின்றுகொள்ளுங்கள். மெரினாவில் கால் நனைக்கும் ஆசை அங்கே வரக்கூடாது. அலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளவே கூடாது.

மருந்து. எட்டு நாள் பயணத்துக்குப் பதினான்கு நாள் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். புயலில் நெடுஞ்சாலையை மூடிவிட்டால் நாள் தள்ளிப்போகும். மருந்துச் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கைப்பையில் இருக்கட்டும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி அழுத்தம் ஏறக்கூடும் என்பதால் புறப்படும் முன் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, மாத்திரைகளில் சிறுநீரைப் பெருக்குவது இருக்கிறதா, இருந்தால் நீண்ட பஸ் பயண நாளில் எந்த நேரம் சாப்பிடலாம். தென்கரையில் கழிப்பறை உள்ள நிறுத்தங்கள் தூரத் தூரமாகத்தான் வரும். இரண்டு, வெந்நீர்க் குளத்தில் இறங்கலாமா, எவ்வளவு நேரம்.

அந்தக் குளம் உங்கள் திட்டத்தில் நிச்சயம் இருக்கும். ப்ளூ லகூன் என்றால் நீர் 38 டிகிரி அளவில் இருக்கும். அது இருக்கும் கிரின்டாவிக் பகுதியில் 2023 டிசம்பரிலிருந்து எரிமலை பலமுறை வெடித்திருக்கிறது. கடைசி நேரத்தில் வேறு குளத்துக்கு மாற்றினால் கோபப்படாதீர்கள். இறங்கும் முன் நீச்சலுடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிப்பது அங்கே கட்டாயம். ப்ளூ லகூனில் மறைவான தனி அறைகள் உண்டு. ஊர்ப் பொதுக் குளங்களில் எல்லா இடத்திலும் இருக்காது. ஆண், பெண் பகுதிகள் தனித்தனி, யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றாலும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. வெள்ளிக் கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிட்டு இறங்குங்கள். நீரிலுள்ள கந்தகத்தில் வெள்ளி கறுத்துவிடும். விடுதிக் குழாயில் வரும் வெந்நீரிலும் அதே அழுகிய முட்டை வாடை வரும், கெடுதல் இல்லை. குடிக்கக் குளிர்ந்த குழாய் நீரே போதும், புட்டி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். கழிப்பறையில் நீர்க்குழாய் இருக்காது. ஒரு சின்னக் குவளை பெட்டியில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் சைவம் பட்டினி கிடக்காது, ஆனால் அலுத்துப்போகும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி அல்லது மீன் சாற்றில் செய்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஸ்கீர் என்னும் கெட்டித் தயிர் போன்ற பண்டம் நம் நாக்குக்குப் பிடிக்கும், அதில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்த வகைகளும் உண்டு. கம்பு நிறத்தில் இருக்கும் ரை ரொட்டியோடு பருப்புப் பொடி பிரமாதமாகச் சேர்கிறது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பொடி வகை, புளிக்காய்ச்சல், முறுக்கு எல்லாம் கடைகளில் கிடைக்கும் சீல் வைத்த பொட்டலங்களாகக் கொண்டு போங்கள். நெய், பால்கோவா, பால்பவுடர் வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர அங்கே தடை இருக்கிறது. அறையில் சோறு வடிக்கும் யோசனையையும் கைவிடுங்கள். புகை உணரும் கருவி கூச்சலிட்டால் குழு முழுவதும் இரவு உடையில் பனியில் நிற்கும்.

சில்லறை விஷயங்கள். மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட். இரண்டு உருண்டை முள் உள்ள செல்பேசி சார்ஜர் அப்படியே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது. எங்கும் கார்டு செல்லும் என்பதால் உள்ளூர் குரோனாவைத் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனை நம் வங்கிக் கார்டுகளில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், புறப்படும் முன் இயக்கிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கட்டியாகிவிடும், வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள். விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான்: ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். நேரடி விமானம் இல்லாததால் ஐரோப்பாவில் வேறு நகரத்தில் மாறுவீர்கள். ஷெங்கன் நகரமாக இருந்தால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி முதல் தடவை விரல்ரேகையும் முகப்படமும் எடுப்பதால் வரிசை நகர நேரமாகலாம். இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள்.

அப்படியே இன்னொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சாலை மூடி ஓர் இரவு கூடுதலாகத் தங்க நேர்ந்தால் செலவு யாருடையது? தென்கரையிலுள்ள வீக் ஊருக்கு இருபுறமும் நெடுஞ்சாலை குளிர்காலத்தில் அவ்வப்போது மூடப்படுகிறது. வானிலை அலுவலகம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். ஆரஞ்சு வந்த நாளில் வழிகாட்டி பஸ்ஸை எடுக்க மறுத்தால் ‘பணம் கட்டியிருக்கிறோமே’ என்று குழுவில் ஒருவர் கட்டாயம் எழுந்து பேசுவார். அந்த ஒருவர் உங்கள் கணவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு வானில் தோன்றும் வடதுருவ ஒளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதற்காகத்தான் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். இருட்டு, மேகமில்லா வானம், சூரியனின் துடிப்பு மூன்றும் ஒன்றுகூட வேண்டும். எந்த நிறுவனமும் உறுதி தர முடியாது. வானிலை அலுவலகத்தின் வரைபடத்தில் பச்சை என்றால் மேகம், வெள்ளை என்றால் தெளிந்த வானம். பலர் பச்சையைப் பார்த்து ஒளி வருகிறது என்று துள்ளுவார்கள். வெறும் கண்ணுக்கு வெளிறிய புகை போலத் தெரிவது செல்பேசியின் இரவுப் படத்தில் பச்சையாக விழும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும் என்பதால் அதுவரை உள்பைக்குள் வைத்துக் காத்துக்கொள்ளுங்கள். நகருக்கு வெளியே உள்ள பல விடுதிகளில், ஒளி தோன்றினால் நள்ளிரவில் தொலைபேசியில் எழுப்பிவிடுவார்கள். சாவி வாங்கும்போதே வரவேற்பில் அறை எண்ணைப் பதிந்துவிட்டு, அன்றிரவு தெர்மலோடும் காலுறையோடும் படுங்கள். மணி அடித்த பிறகு மூன்று அடுக்கு உடுத்த நேரம் இருக்காது.