பிழைத்தலும் பிழையும்

கேள்வி: இன்றைய இலக்கியத்தில் எங்கு திரும்பினாலும் முகாமில் பிழைத்தவர், கடலில் பிழைத்தவர், பஞ்சத்தில் பிழைத்தவர் என்று இதே கதைதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது எந்த விலங்கும் செய்யும் காரியம். பழைய இலக்கியம் வீரத்தையும் தியாகத்தையும் பாடியது. நவீன எழுத்தாளர்களுக்குப் பாட வேறொன்றும் இல்லையா? அல்லது இந்தச் சரக்குத்தான் விற்கிறதா? படித்தே தீர வேண்டும் என்றால் இவற்றில் எதைப் படிக்கலாம்?

பதில்: கடைசிக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். பழைய இலக்கியம் வீரத்தையும் தியாகத்தையும் மட்டுமே பாடியது என்பதைத் தாங்கள் பழைய இலக்கியத்தில் படித்திருக்க முடியாது. யாரேனும் மேடையில் முழங்கக் கேட்டிருப்பீர்கள். புறநானூற்றின் 164ஆம் பாட்டில், சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்துக் கிடக்கிறது. பால் வற்றிய மார்பைச் சுவைக்கும்தோறும் குழந்தை அழ, அதன் முகத்தை நீர் நிறைந்த கண்களோடு தாய் பார்க்க, தன் மனைவியான அவள் படும் துயரத்தைக் கண்டு பொறுக்காமல் புலவர் பெருந்தலைச் சாத்தனார் வள்ளல் குமணனைத் தேடிப் புறப்படுகிறார். வாளும் வேலும் யானையும் நிறைந்த அந்தத் தொகையில் இந்த அடுப்புக்கும் இடம் இருந்திருக்கிறது.

உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது விலங்கும் செய்யும் காரியம் என்பது உண்மைதான். ஆனால் தப்பி வந்த விலங்கு அன்றிரவு தூங்கிவிடுகிறது. தான் தப்பிய இடத்தில் இன்னொருவன் மாண்டதைப் பார்த்த மனிதனுக்குப் பல ஆண்டுகள் ஆனாலும் தூக்கம் வருவதில்லை. இதைப் பேசுவதற்கு நம் மொழி ஒரு சொல்லை ஆயத்தமாகவே வைத்திருக்கிறது. பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல், வயிற்றைக் கழுவுதல், தவறு செய்தல். ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்று ஒருவனைச் சொல்லும்போது புகழ்கிறோமா இகழ்கிறோமா என்பதைச் சொல்பவரின் குரல்தான் தீர்மானிக்கிறது. உயிர் பிழைத்தவர்களைப் பற்றி நவீன இலக்கியம் எழுதியவற்றில் தேறுபவை பெரும்பாலும் அந்த மூன்றாவது பொருளில்தான் வேர் பிடித்திருக்கின்றன என்பது என் கட்சி.

தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. 1719இல் டேனியல் டீஃபோ படைத்த ராபின்சன் குரூசோ 28 ஆண்டுகளைத் தீவில் கழிக்கிறான். நாட்களைக் கம்பத்தில் கீறி எண்ணுகிறான். தனக்கு நேர்ந்த நன்மை தீமைகளை வரவும் பற்றும் எழுதும் வணிகனைப் போல இரு பத்திகளாகப் பிரித்து எழுதுகிறான். உடைந்த கப்பலில் பணம் அகப்பட்டதும், இந்தக் குப்பையால் இங்கே என்ன பயன் என்று வசைபாடிவிட்டு, சற்று யோசித்து, துணியில் சுற்றி எடுத்துக்கொள்கிறான். (அந்த ஓர் இடத்துக்காகவே டீஃபோவை எனக்குப் பிடிக்கும்.) அவன் பிழைப்பது அவனுடைய சாமர்த்தியத்துக்கும் கடவுளின் கருணைக்கும் அத்தாட்சி; அடிமைகளை வாங்கி வரக் கிளம்பிய பயணத்தில்தான் கப்பல் உடைந்தது என்பது அவனை அதிகம் உறுத்துவதில்லை. உடன் வந்தவர்கள் அனைவரும் மூழ்கிப்போனதுகூட, ‘நான் மூழ்கவில்லை’ என்ற வகையில் அவன் ஏட்டில் நன்மையின் பக்கமே பதிவாகிறது.

அந்தப் பதிவை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி எழுதியவர்களில் முதன்மையானவர் இத்தாலியின் பிரீமோ லெவி. துரின் நகரத்து வேதியியலாளரான அவர் 1944 பிப்ரவரியில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1986இல் வெளிவந்த ‘மூழ்கியவர்களும் பிழைத்தவர்களும்’ என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். அது 1944 ஆகஸ்ட் மாதம். எல்லோரையும் தாகம் வதைத்துக்கொண்டிருந்தது. நிலவறை ஒன்றில் இடிபாடுகளை அள்ளும்போது, ஒரு குழாயில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருப்பதை லெவி கண்டுபிடிக்கிறார். ஒரு லிட்டர் இருக்கலாம், அதுகூட இல்லாமலும் போகலாம். தானே குடித்துவிடுவதா, நண்பர் ஆல்பெர்ட்டோவுக்கு மட்டும் சொல்வதா, குழு முழுவதற்கும் சொல்வதா? இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார், இருவரும் மாறி மாறிக் குழாயடியில் படுத்துக் குடித்தார்கள். சிமெண்ட் தூசி படிந்த முகமும் வெடித்த உதடுகளுமாகப் பக்கத்தில் நடந்த டானியேலே என்பவர் நடந்ததை ஊகித்துவிட்டார். விடுதலை கிடைத்துப் பல மாதங்கள் சென்றபின் அவர் கேட்டார்: நீங்கள் இருவர் மட்டும் ஏன், நான் ஏன் இல்லை? பகிர்ந்துகொள்ளாத அந்த ஒரு குவளை நீர், ஊடுருவிப் பார்க்க முடிகிற, வாய்விட்டுச் சொல்லப்படாத, ஆனால் உணர முடிகிற திரையாக இருவருக்கும் நடுவே நின்றுவிட்டது என்று எழுதுகிறார் லெவி.

இந்தக் காட்சியில் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, யாருடைய ரொட்டியையும் திருடவில்லை. டானியேலேயும் உயிரோடுதான் திரும்பினார். ஆயினும் 40 ஆண்டுகள் கழித்தும் எழுதியே தீர வேண்டிய பிழையாக அது லெவிக்குள் இருந்திருக்கிறது. எழுதுவதற்காகவே இறைவன் உம்மைக் காப்பாற்றினான் என்று ஒரு நண்பர் சொன்னபோது, அந்த எண்ணமே கொடூரமானது என்று லெவிக்குப் பட்டது, ஏனெனில் அப்படியானால் மாண்டவர்கள் காப்பாற்றத் தகாதவர்கள் என்றாகிவிடும். தாங்கள் தேடும் வீரத்தைக் கையில் கொடுத்தபோது வேண்டாம் என்று திருப்பித் தந்தவர் அவர். சரக்கு, விற்பனை என்ற பேச்சுக்கு ஒரு வரி போதும்: அவருடைய முதல் நூலை நாட்டின் பெரிய பதிப்பகம் ஒன்று மறுத்துவிட, 1947இல் ஒரு சிறு பதிப்பகம் 2500 படிகள் மட்டும் அச்சிட்டது.

ருஷ்யர்களிடம் இதே வழக்கு இன்னும் கடுமையாக நடந்தது. 1962 நவம்பரில் ‘நோவி மீர்’ இதழில் வந்த அலெக்சாண்டர் சோல்செனிட்சினின் ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ என்ற குறுநாவலில், சோவியத் உழைப்பு முகாமில் கிடக்கும் கைதி ஷூகவ் எவ்வளவு பசித்தாலும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உண்கிறான்; அடுத்தவன் தட்டை நக்குவதில்லை. தட்டை நக்குபவனும், மருத்துவ அறையை நம்பியிருப்பவனும், சக கைதிகளைப் பற்றிக் கோள் சொல்பவனும் முகாமில் முதலில் அழிவார்கள் என்று அவனுடைய பழைய தலைவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். மானத்தோடும் பிழைக்கலாம் என்பது இதன் வாதம். வடகிழக்குச் சைபீரியாவின் கொலிமா முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்த எழுத்தாளர் வர்லாம் ஷலாமவ் நூலைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அதிலேயே ஒரு சந்தேகத்தையும் எழுப்பினார். மருத்துவ அறையருகே ஒரு பூனை நடமாடுவதாக எழுதியிருக்கிறீர்களே, உண்மையான முகாமாக இருந்தால் அதை எப்போதோ தின்றிருப்பார்களே! இலக்கிய விமர்சனத்தில் இவ்வளவு சிறிய ஆதாரத்தை வைத்து இவ்வளவு பெரிய கேள்வியை எழுப்பிய வேறொரு வரியை நான் படித்ததில்லை. முகாம் யாருக்கும் எந்த நன்மையும் கற்பிப்பதில்லை என்பது ஷலாமவின் முடிவு. யார் சொல்வது சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. ஆனால் இருவரில் ஒருவரைக்கூட ‘விலங்கின் காரியத்தை’ எழுதியவர் என்று ஒதுக்க முடியாது.

தங்கள் எரிச்சலில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். உலகம் அழிந்த பிறகு துப்பாக்கியோடு திரிபவன் வென்றுகொண்டே போகும் நாவல்களும், துன்பத்தை மனவலிமைப் பாடமாக மாற்றி விற்கும் நினைவுக் குறிப்புகளும் குரூசோவின் பேரப்பிள்ளைகள்தான், ஆனால் அவனுடைய நகைச்சுவை அவற்றுக்கு வாய்க்கவில்லை. சிறுமியாக ஓநாய்களோடு வாழ்ந்து நாஜிகளிடமிருந்து தப்பியதாக 1997இல் வெளிவந்த ஒரு நூல் முழுக் கற்பனை என்று எழுதியவரே 2008இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பிழைத்தவரை நாயகராக்கத் துடிக்கும் சந்தை இத்தகைய நூல்களை விளைவிக்கத்தான் செய்யும். அந்தச் சந்தையின் மீது தங்களுக்குக் கோபம் என்றால் நானும் உடன் வருகிறேன்; அதற்காக லெவியையும் சேர்த்து வெளியே தள்ளுவதற்கு வரமாட்டேன்.

எதைப் படிக்கலாம் என்று கேட்டீர்கள். லெவியின் 1986 நூலில் ‘வெட்கம்’ என்ற அத்தியாயத்தை மட்டும் முதலில் படியுங்கள். நாவல்தான் வேண்டும் என்றால், ஜே. எம். கூட்ஸீ 1983இல் எழுதிய, மைக்கேல் கே என்ற தோட்டக்காரனின் கதை. உள்நாட்டுப் போருக்கு நடுவே எந்தப் பக்கமும் சேராமல், பூசணி பயிரிட்டு, வளைக்குள் ஒளிந்து வாழ்பவன் அவன். கிணற்றின் பம்பைப் படைவீரர்கள் வெடிவைத்துத் தகர்த்துவிட்ட நிலையில், தேக்கரண்டியின் காம்பை வளைத்துக் கயிறு கட்டி இறக்கினால் ஒரு கரண்டித் தண்ணீர் வருமே, அப்படியும் வாழலாமே என்று கடைசிப் பக்கத்தில் நினைத்துப் பார்க்கிறான். அந்தப் பக்கத்தை மூடிய பிறகும் தங்கள் கருத்து மாறாவிட்டால் மறுபடி எழுதுங்கள், வெளியிடுகிறேன்.