பழைய டைல்ஸைப் பெயர்க்க எந்தக் கருவி?

கே: ஹாலில் 2×2 டைல் ஒன்று மட்டும் விரிசல் விட்டிருக்கிறது. பக்கத்து டைல் உடையாமல் எடுக்க முடியுமா?

ப: முடியும். நாலு இஞ்ச் கிரைண்டரில் டைமண்ட் பிளேடு போட்டு, நான்கு பக்க ஜாயிண்டையும் டைல் கனம் முழுக்க, சுமார் 10 மி.மீ., அறுத்துவிடுங்கள். மூலையில் வட்ட பிளேடு முழு ஆழத்துக்கு இறங்காது. இன்னும் கொஞ்சம் என்று நீட்டினால் பக்கத்து டைலில் கீறல்தான். மூலையைக் கை உளிக்கு விடுங்கள். பிறகு நடுவில் உடைத்துக் குழி செய்து அங்கிருந்து பெயர்த்து வாருங்கள். கடைசி நாலு விரல் பட்டைக்கு வரும்போது உளி முனை குழியைப் பார்த்து இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். டைல் சில்லு பிளேடு மாதிரி.

கே: சாதாரண டிரில் மெஷினில் உளி மாட்டலாமா?

ப: கூடாது. அதற்குச் சுற்றாமல் அடிக்கத் தெரியாது.

கே: எங்கள் வீட்டு டைல்ஸ் எடுக்க எந்த மெஷின் பெஸ்ட்? உடனே பதில் தேவை.

ப: சுவரா, தரையா? கலவையா, பசையா? எத்தனை சதுர அடி? ஒன்றுமே எழுதாமல் அவசரம் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு டைலைப் பெயர்த்துப் பாருங்கள். அடியில் ஒன்றரை இஞ்ச் சிமெண்ட் இருந்தால் கலவை. சீப்பு இழுத்த மாதிரி வரி வரியாக இருந்தால் பசை. அப்புறம் எழுதுங்கள்.

கே: இரண்டாம் மாடி பாத்ரூம் தரை. 15 கிலோ பிரேக்கர் வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் என்கிறார் வேலைக்காரர். சரியா?

ப: முடியும், கீழ் வீட்டுக்காரர் சீலிங்கும் சேர்ந்து முடியும். கணக்கைப் பாருங்கள். 2 கிலோ ரோட்டரி ஹாமரின் (சுற்றவும் அடிக்கவும் தெரிந்த மெஷின்) ஓர் அடியின் பலம் சுமார் 3 ஜூல், 5 கிலோ மெஷின் 8, இந்த 15 கிலோ ராட்சசன் 40க்கு மேல். ரோடு உடைக்கிற சாமான் அது. செங்குத்தாக நிற்க வைத்துத்தான் ஓட்ட முடியும் என்பதால் ஒவ்வோர் அடியும் நேராகக் கீழே இறங்கும். டைலுக்குத் தேவையோ படுக்கை அடி. உங்கள் தளம் ஐந்து இஞ்ச் காங்கிரீட், கம்பிக்கு மேல் கவரிங் முக்கால் இஞ்ச். இறக்கித் தளம் போட்ட பாத்ரூம் என்றால் கலவைக்கு அடியில் செங்கல் ஜல்லி, அதற்குள் கழிவுக் குழாய். அதிர்ச்சியில் குழாய் ஜாயிண்ட் விட்டுப்போகும். அன்றைக்குத் தெரியாது, புது டைல் ஒட்டிய பிறகு கீழ் வீட்டில் ஈரம் பூக்கும்.

5 கிலோ மெஷினும் 40 மி.மீ. அகல உளியும் போதும். அரை நாள் ஆகட்டும். மெஷினில் உள்ள திருகு குமிழை உளி மோடில், அதாவது சுற்றாமல் அடிக்க மட்டும் செய்யும்படி வையுங்கள். மெயின் வால்வை மூடுங்கள். வாசற்படி ஓரத்தில் 45 டிகிரியில் முதல் டைலை உடைத்து, பிறகு உளியை 20, 25 டிகிரிக்குப் படுக்கவைத்து டைலுக்கு அடியில் செலுத்துங்கள். கலவையில் அடிக்கும்போது சத்தம் மந்தமாக இருக்கும். கணீர் என்று கேட்டு மெஷின் கையில் துள்ளினால் காங்கிரீட் வந்துவிட்டது, நிறுத்துங்கள். பழைய வாட்டர்ப்ரூஃபிங் எப்படியும் கிழிந்திருக்கும். புதிதாகப் போடாமல் டைல் ஒட்டாதீர்கள்.

கே: சமையலறைச் சுவர் டைல்ஸ்?

ப: நாலரை இஞ்ச் சுவரில் மெஷின் வைத்தால் மறுபக்கப் பூச்சு கொட்டும். ஒரு கிலோ சுத்தியல், கை உளி, மேல் வரிசையிலிருந்து கீழே. குழாய்க்கு நேர் மேலும் கீழும் ஒரு சாண் அகலத்துக்கு மெதுவாக. உள்ளே சிபிவிசி என்ற பிளாஸ்டிக் தண்ணீர் பைப் ஓடும். மெயின் வால்வை மூடுவது, பாதுகாப்புக் கண்ணாடி போடுவது இரண்டும் இங்கேயும் உண்டு.

கே: தரையில் ஒட்டிய பசை போகவில்லை.

ப: கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் (தரையைத் தேய்க்கும் கிண்ணம் போன்ற சக்கரம்), கூடவே வேக்யூம். தூசியில் சிலிக்கா இருக்கிறது. கைக்குட்டை போதாது, என்95 கட்டுங்கள். தூசி அடங்கட்டும் என்று தண்ணீர் தெளித்துக்கொண்டே கிரைண்டர் ஓட்டாதீர்கள், ஷாக் அடிக்கும்.

கே: உளியைச் சாணை பிடித்தேன், உடனே மழுங்கிவிட்டது.

ப: முனை நீலம் பாரித்திருக்குமே? பதம் போய்விட்டது. அடிக்கடி தண்ணீரில் முக்கித் தீட்டியிருக்க வேண்டும்.