டபுள் பேஸ் கேட்கும் மகன்: தங்கச்சிமடத்துத் தாய்க்கு

அம்மா, உங்கள் மகனின் ஆசையை வீண் ஆசை என்று நான் சொல்லமாட்டேன். சர்ச் பாடல் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன் டபுள் பேஸ், அதாவது நின்றபடி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம் கேட்பது இயல்புதான். இரண்டிலும் நான்கு தந்திகள், சுருதி சேர்ப்பதும் ஒரே முறை: இ, ஏ, டி, ஜி. ஆனால் டபுள் பேஸில் ஃபிரெட், அதாவது கிட்டாரின் கழுத்தில் இருக்கும் உலோகக் கட்டைகள் கிடையாது. விரல் எங்கே விழவேண்டும் என்பதைக் காதுதான் சொல்லவேண்டும்.

"கிளாசிக்கலா, ஜாஸா, எது சோறு போடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தெரிந்தால்தான் போடும். மேற்கத்திய கிளாசிக்கலில் பெரும்பாலும் வயலின் போல வில்லால் வாசிப்பது. எழுதியிருப்பதைப் பிசகாமல் வாசிக்கவேண்டும். ஜாஸில் விரலால் மீட்டி, கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) வைத்துக்கொண்டு அந்த நொடியில் தானே இசையைக் கட்டவேண்டும். டபுள் பேஸ் கலைஞர் ரான் கார்ட்டர் 1959-ல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் பட்டம் பெற்றவர். அன்றைய அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் (கிளாசிக்கல் வாசிக்கும் பெரிய வாத்தியக் குழுக்களில்) கறுப்பினத்தவருக்கு இடம் கிடைப்பது அரிது. ஜாஸுக்கு வந்தார், 1963-ல் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தார். அவர் வாசித்த ஒலிப்பதிவுகள் 2,000-க்கும் மேல். இன்னொரு டபுள் பேஸ் கலைஞர் எட்கர் மேயர், ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி வாத்தியம் வாசிக்கும் கான்சர்ட்டோ எழுதுகிறார். தபலா ஜாகிர் உசேன், புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியா, பாஞ்சோ பேலா ஃபிளெக்கோடு அவர் வாசித்த ஆல்பத்துக்கு 2024-ல் கிராமி கிடைத்தது. அதனால் உங்கள் மகன் கொஞ்சம் கர்நாடக சங்கீதமும் கற்கட்டும். தாளக் கணக்கு தெரிந்த பேஸ் கலைஞருக்குத் தனி மதிப்பு உண்டு.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்தியாவில் மாதச் சம்பள ஆர்க்கெஸ்ட்ரா என்றால் 2006-ல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான். அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் நிறைய. சென்னை சினிமா ரெக்கார்டிங்கில் பேஸ் பகுதியைப் பல நேரம் கீபோர்டே பார்த்துக்கொள்கிறது. ஹோட்டல், கச்சேரி, ரெக்கார்டிங் எல்லாம் சேர்ந்தும் சீராக வராது. சொல்லிக்கொடுக்கும் வேலைதான் ஓரளவு நிலையானது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைக் கணக்குப் பார்த்து ஓட்டிய குடும்பம் உங்களுடையது. இந்தத் தொழிலுக்கும் அந்தக் கணக்குதான் வேண்டும்.

தயவுசெய்து இப்போது வாத்தியம் வாங்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். உப்புக் காற்றும் ஈரமும் ஆள் உயர மர வாத்தியத்துக்கு ஆகாது. பலகை வீங்கும், ஒட்டு விடும். என்றாவது வாங்கினாலும் கடலோரத்துக்குப் பிளைவுட் உடம்பு உள்ளதே தாங்கும்.

இந்த ஒரு வருடம் கையிலிருக்கும் பேஸ் கிட்டாரே போதும். பேஸ் கிளெஃபில், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான குறியீட்டில் நொட்டேஷன் படிக்கட்டும், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தியரி தேர்வு எழுதட்டும். கூடவே தொலைநிலையில் பி.காம். சேர்த்துவிடுங்கள், அப்பாவின் பயமும் குறையும். வில் பிடிப்பதை மட்டும் வீடியோ பார்த்துக் கற்கவேண்டாம். தவறான பிடி மணிக்கட்டையும் முதுகையும் கெடுக்கும், பிறகு திருத்துவது பெரும்பாடு. சென்னையில் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இசைப் பள்ளிகளில் விசாரிக்கும்போது டபுள் பேஸுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பயிற்சிக்கு வாத்தியம் கொடுப்பார்களா என்ற இரண்டையும் கேளுங்கள். கட்டணமெல்லாம் அப்புறம்.

அடுத்த வருடம் அவன் முன்பின் பார்க்காத நொட்டேஷனைத் தடுமாறாமல் வாசித்து, பன்னிரண்டு பார் புளூஸுக்கு (ஜாஸில் அடிப்படையான பன்னிரண்டு தாள அளவுச் சுற்றுக்கு) தானாகப் பேஸ் கட்டினால், தைரியமாகச் சென்னைக்கு ரயில் ஏற்றிவிடுங்கள். முடியாவிட்டால் பி.காம். தொடரட்டும், வாசிப்பும் தொடரட்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.