சிறிய சுயாதீனக் கத்தோலிக்கச் சமூகத்தை நன்றியுணர்வோடு வழிநடத்துவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் முப்பது பேர் கூடும், ரோமின் ஆளுகைக்கு வெளியே இயங்கும், யாரையும் விலக்காத ஒரு சுயாதீனக் கத்தோலிக்கச் சமூகத்தின் பொறுப்பை ஏற்கப் போகிறேன். நன்றியுணர்வோடு நடத்த வேண்டும் என்று ஆசை. நடைமுறையில் இதை எப்படிச் செய்வது?

பதில்:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நன்றி சொல்ல வேண்டியவர் நீங்கள், வருகிறவர்கள் அல்ல. மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர், தன்பாலினத் துணையோடு வாழ்பவர், திருநர், குருப்பணியை விட்டுத் திருமணம் செய்தவர், குருவாக அழைக்கப்பட்டதாக உணரும் பெண் என்று பலர் வருவார்கள். அவர்களுக்குப் பீடத்தருகே இடம் கிடைத்தது தலைவர் செய்த உபகாரம் இல்லை. திருமுழுக்கோடு வந்த உரிமை. "வேறெங்கும் இடம் இல்லாதவர்களை நாம் சேர்த்துக்கொண்டோம்" என்று மறையுரையில் அடிக்கடி சொல்லத் தொடங்கினால், அவர்கள் மறுபடியும் விருந்தாளிகளாகிவிடுவார்கள். சொந்த வீட்டில் யாரும் தினமும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

அடுத்து, இந்த மரபு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். 1724-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ரோமின் அனுமதி இல்லாமல் ஒரு பேராயர் திருநிலைப்படுத்தப்பட்டார். 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் தவறாவரத்தை (விசுவாசப் போதனையில் அவர் தவற முடியாது என்பதை) அறிவித்ததை ஏற்காத ஜெர்மானிய, சுவிஸ், ஆஸ்திரியக் கத்தோலிக்கர்கள் அந்த உட்ரெக்ட் வழியோடு சேர்ந்தார்கள். 1889-இல் இவர்களின் திருச்சபைகள் சேர்ந்து உட்ரெக்ட் ஒன்றியம் உருவானது. அமெரிக்கச் சுயாதீனக் குழுக்கள் பலவற்றின் ஆயர் வரிசையோ (எந்த ஆயரை எந்த ஆயர் கைவைத்துத் திருநிலைப்படுத்தினார் என்ற தொடர்) கொழும்பு வழியாகப் போகிறது. போர்ச்சுகலும் ரோமும் 1886-இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் இலங்கையில் கோவா பேராயரின் கீழ் இருந்த பங்குகள் ரோம் நியமித்த ஆயர்களிடம் கைமாறின. அதை எதிர்த்தவர்களின் தலைவரான அந்தோனியோ அல்வாரிஸ், 1889-இல் கோட்டயத்தில் சிரியன் ஆர்த்தடாக்ஸ் ஆயர்களின் கையால் ஆயரானார். அவர் 1892 மே 29 அன்று கொழும்பு ஹல்ஸ்டார்ப் கோவிலில் ஜோசப் ரெனே விலாத்தை ஆயராகத் திருநிலைப்படுத்தினார். விலாத் அதற்கு முன்பே விஸ்கான்சினில் பெல்ஜியக் குடியேறிகளிடையே பணியாற்றியவர். இன்று அமெரிக்க நகரம் ஒன்றில் வாடகை மண்டபத்தில் திருப்பலி நிறைவேற்றும் குரு, கைவைத்தலின் வரிசையைப் பின்னோக்கித் தேடினால் பல நேரம் ஹல்ஸ்டார்ப்புக்கு வந்து சேர்வார். இன்னொரு பெரிய வரிசை, 1945-இல் ரோமிலிருந்து பிரிந்த பிரேசில் ஆயர் கார்லோஸ் துவார்த்தே கோஸ்தா வழியாக வருகிறது.

இந்த வரிசையைப் பெருமையடிக்கப் பயன்படுத்தாதீர்கள். ஆயர் வரிசையைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, யாருக்கும் கணக்குக் கொடுக்காமல் வாழ்வதுதான் இந்தச் சுயாதீன உலகத்தின் பழைய நோய். உங்கள் குழு உட்ரெக்ட் ஒன்றியத்தில் இல்லையென்றால் இருப்பதுபோல் எழுதவும் கூடாது. 1931 பான் உடன்படிக்கையின் வழியே அந்த ஒன்றியத்தோடு முழு உறவில் இருக்கும் அமெரிக்கத் திருச்சபை, ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் திருச்சபைதான்.

பெயர் விஷயத்தில் நேர்மை நன்றியின் முதல் படி. அறிவிப்புப் பலகையிலும், மாதமடலிலும், இறுதிச் சடங்கு நிலையத்திடம் கொடுக்கும் அட்டையிலும் "நாங்கள் ரோமன் கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர்" என்று ஒரு வரி இருக்கட்டும். திருமணம் கேட்டு வரும் இணையருக்கு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: இருவரில் ஒருவர் ரோமன் கத்தோலிக்கராக இருந்தால், உங்கள் முன் நடக்கும் திருமணத்தை அவருடைய திருச்சபைச் சட்டம் செல்லுபடியாக ஏற்காது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு பாட்டி வாயிலாக இது தெரிய வந்தால், அந்தக் கோபம் உங்கள்மேல் விழுவது நியாயமே. அரசுப் பக்கத்தையும் பாருங்கள். ஒஹாயோவில் திருமணம் நடத்தும் குரு மாநிலச் செயலரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். நியூயார்க் நகரில் நகர எழுத்தரிடம் பதிவு செய்ய வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், முன்கூட்டியே விசாரியுங்கள்.

திருமுழுக்கில் எந்தப் புதுமையும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் தோலில் ஓட வேண்டும். "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்ற வாய்பாட்டை அப்படியே சொல்ல வேண்டும். எல்லோரையும் உள்ளடக்கும் மொழி என்ற நல்லெண்ணத்தில் "படைப்பவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர்" என்று மாற்றினால் அந்தத் திருமுழுக்கு செல்லாது என்று ரோம் 2008-இல் அறிவித்தது. "நான்" என்பதற்குப் பதில் "நாங்கள்" என்றால் செல்லாது என்று 2020-இல் அறிவித்தது. உங்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருட்டாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் இன்று நீங்கள் தண்ணீர் ஊற்றும் குழந்தை இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு ரோமன் பங்கில் மணமுடிக்கப் போனால், அலைவது அந்தப் பிள்ளைதான். உள்ளடக்கும் மொழியை மன்றாட்டுகளிலும் பாடல்களிலும் மறையுரையிலும் தாராளமாகக் கொண்டுவாருங்கள், அங்கே நிறைய இடம் இருக்கிறது.

திருமுழுக்குப் பதிவேடு தைத்த புத்தகமாக இருக்கட்டும். தனித்தாள் கோப்பு வேண்டாம். பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள், இடம், கொடுத்தவர் கையொப்பம், கடைசியில் குறிப்புக்கு ஒரு அகலமான கட்டம். இரண்டு தாய் அல்லது இரண்டு தந்தை உள்ள குடும்பத்துக்காகத் "தாய்", "தந்தை" என்று அச்சிடாமல் "பெற்றோர் 1", "பெற்றோர் 2" என்று கோடு போடுங்கள். பின்னால் பெயர் மாற்றிக்கொண்ட திருநருக்குப் பழைய பதிவை அடிக்காமல், குறிப்புக் கட்டத்தில் சட்டப்படியான புதிய பெயரை எழுதி, புதிய பெயரில் சான்றிதழ் கொடுங்கள்.

பீடத்துக்கு வருவோம். முப்பது பேர் கிண்ணத்திலிருந்து திராட்சை இரசம் பருகினால் ஆளுக்கு ஒரு வாய், சுமார் 5 மில்லி. மொத்தம் 150 மில்லி, அதாவது 750 மில்லி புட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. புதிதாக வரும் உதவியாளர்கள் தாராளமாக ஊற்றிவிடுவார்கள். அர்ச்சிக்கப்பட்டது மிஞ்சினால் யாராவது குடித்துத் தீர்க்க வேண்டும், அந்த நபர் பெரும்பாலும் காரோட்டி வந்தவராக இருப்பார். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களுக்குத் திராட்சைச் சாறு தனிக் கிண்ணத்தில், அதே அளவு மரியாதையான கிண்ணத்தில், இருக்கட்டும். பிளாஸ்டிக் குவளையில் ஓரமாக வைக்காதீர்கள்.

கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்களுக்கான அப்பத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் கையாளுவதில்தான். மிசூரி மாநிலம் கிளைடில் உள்ள பெனடிக்ட் சபைச் சகோதரிகள் செய்யும் குறைந்த குளூட்டன் அப்பம் ரோமின் விதிக்கும் உட்பட்டது, அளவு மிகச் சொற்பம். சிலருக்கு அதுவும் ஆகாது; அவர்களுக்கு அரிசி அப்பம் கொடுக்கும் சுயாதீனச் சமூகங்கள் உண்டு. எதுவானாலும் மூடியுள்ள தனிச் சிமிழில் வைத்து, கோதுமை அப்பத்தைத் தொடும் முன்பே அதைத் திறந்து கொடுத்துவிட வேண்டும், அல்லது அவரே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பம் பிட்கும்போது ஒரு துண்டைக் கிண்ணத்தில் இடுவது நம் வழக்கம். அதோடு அந்தக் கிண்ணம் அவருக்கு உதவாது. அதனால் சடங்கு தொடங்கும் முன்பே சிறிய இரண்டாம் கிண்ணத்தில் இரசம் ஊற்றி வையுங்கள்.

வாடகை மண்டபத்தில் ஒரே ஒரு படிக்கட்டு இருந்தாலும் கவனியுங்கள். அமெரிக்காவின் ஊனமுற்றோர் சட்டம் கோவில்களைக் கட்டுப்படுத்தாது. எல்லோரையும் ஏற்கிறோம் என்று சொல்லிக்கொள்பவர்கள் அந்த விலக்கின் பின்னால் ஒளியக் கூடாது. சாய்தளத்துக்கு விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு: 7 அங்குலப் படிக்கு 7 அடி நீளம். கதவுத் திறப்பு குறைந்தது 32 அங்குலம்.

இனி நன்றி. சிறிய சமூகம் கொள்கைச் சண்டையால் உடைவதைவிடக் களைப்பால் கலைவதே அதிகம். நாற்காலி போடுவது, பீடத்துணி துவைப்பது, பாடல்தாள் அச்சடிப்பது, காபி போடுவது எல்லாம் நாலைந்து பேர் தலையில் விழும். "உங்கள் எல்லோருக்கும் நன்றி" என்ற பொது அறிவிப்பு அவர்களுக்கு எதையும் தராது. திருப்பலிக்கு முன்னும் பின்னும் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் யார் செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக்கு மேற்பட்டவை உங்கள் கண்ணில் படாதவையாக இருக்கும். பிறகு, செய்த வேலையைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள், இரண்டு நாளுக்குள், கையெழுத்தில்: "போன ஞாயிறு ஒலிவாங்கி நின்றதும் நீங்கள் ஓடிப்போய் மின்கலம் மாற்றினீர்கள், அதனால் வாசகம் தடைப்படவில்லை." இவ்வளவு போதும்.

பொது மேடையில் பெயர் சொல்லும் முன் அனுமதி கேளுங்கள். இதில் கவனக்குறைவு உண்மையான கேடு செய்யும். மறைமாவட்டப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர், வீட்டில் இன்னும் சொல்லாத இளைஞர் போன்றோரின் பெயரோ படமோ நேரலையிலோ முகநூலிலோ வந்தால் வேலை போகலாம், வீடு போகலாம். கேமராவில் விழாத ஒரு வரிசை இருக்கைகளை ஒதுக்கி, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

எந்தப் பொறுப்புக்கும் இரண்டு ஆண்டுதான் தவணை என்று வையுங்கள். ஒவ்வொரு நவம்பரிலும் ஒவ்வொருவரிடமும் தொடர்கிறீர்களா, வேலையை மாற்றலாமா, நிறுத்திக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். நிறுத்துகிறேன் என்றால் காரணம் கேட்காதீர்கள். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லையென்றால் அந்த வேலையையே கொஞ்ச காலம் நிறுத்துங்கள். காபி இல்லாத ஞாயிறால் சமூகம் இடிந்துவிடாது. ஆர்கன் வாசிப்பவரோடு தொகை பேசியிருந்தால் அன்றே காசோலை கொடுங்கள். பாராட்டும் பூங்கொத்தும் கூலிக்கு ஈடாகாது. குறை சொல்ல வருகிறவரிடம் "நாம் நன்றியுள்ளவர்களாக இருக்க வேண்டும்" என்று சொல்லி வாயை அடைப்பது எனக்குத் தெரிந்தவரை நன்றியின் மிக மோசமான துஷ்பிரயோகம்.

பங்குப் பேரவைக் கூட்டத்தைப் பத்து நிமிட ஆன்ம சோதனையோடு தொடங்கலாம். இஞ்ஞாசியாரின் முறையில் முதல் படியே நன்றி: போன மாதம் யார் வழியாக என்ன கிடைத்தது என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லட்டும். கணக்குவழக்குக்கு முன்னால் இதைச் செய்தால் கூட்டத்தின் தொனி மாறுகிறது. அதேபோல் விசுவாசிகள் மன்றாட்டில் திருத்தந்தைக்காகவும் உள்ளூர் ரோமன் ஆயருக்காகவும் பெயர் சொல்லி மன்றாடுங்கள். காயம்பட்டு வந்தவர்களுக்கு முதலில் இது கசக்கும். ஏன் என்று விளக்குங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த பாட்டியும் மறைக்கல்வி ஆசிரியரும் அந்தத் திருச்சபையில்தான் இருந்தார்கள். கோபத்தை மட்டும் மூலதனமாக வைத்த குழுக்களில், கோபம் ஆறியவர்கள் தங்கக் காரணம் இருப்பதில்லை.

காணிக்கைக் கணக்கும் நன்றிதான். உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையொப்பமிட்டு, அடுத்த வங்கி நாளிலேயே கட்ட வேண்டும். கணக்கு சமூகத்தின் பெயரிலும் அதன் வரி அடையாள எண்ணிலும் இருக்கட்டும், குருவின் சொந்தக் கணக்கில் ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. திருச்சபைகள் விண்ணப்பிக்காமலே வரிவிலக்கு பெற்றவை, வரித்துறைக்கு ஆண்டுதோறும் வரவு செலவைத் தெரிவிக்கும் 990 படிவமும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. அதனாலேயே வெளியாள் யாரும் உங்கள் கணக்கைப் பார்க்க மாட்டார்கள். எனவே மாதா மாதம் வரவு செலவை ஒரே பக்கத்தில் எல்லோருக்கும் கொடுங்கள். ஒருவர் ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால், அவர் வரிச்சலுகை கோர எழுத்துப்பூர்வ ஒப்புகை தேவை. "ஆன்மிகப் பயன் தவிர வேறெதுவும் கைம்மாறாகத் தரப்படவில்லை" என்ற வரி அதில் இல்லாவிட்டால் அவருக்குச் சலுகை மறுக்கப்படலாம். ஜனவரி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

வழிபாட்டு நூல்களுக்கும் உரிமையாளர் உண்டு. ரோமன் திருப்பலிப் புத்தகத்தின் இப்போதைய ஆங்கில மொழிபெயர்ப்பு காப்புரிமைக்கு உட்பட்டது. எபிஸ்கோப்பல் திருச்சபையின் 1979 வழிபாட்டு நூல் பொதுவுடைமை. அதிலிருந்து எடுக்கலாம், மாற்றலாம். பாடல்களை அச்சிடவும் நேரலையில் ஒலிபரப்பவும் தனித்தனி உரிமம் வேண்டும், ஒன் லைசென்ஸ் போன்ற சேவைகள் வருகையாளர் எண்ணிக்கைப்படி ஆண்டுக் கட்டணம் வாங்குகின்றன.

குருத்துவ ஆசையோடு வருபவரை உற்சாகத்தில் உடனே திருநிலைப்படுத்த ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னணிச் சோதனை, இறையியல் படிப்பு, மருத்துவமனையில் 400 மணி நேரம் கொண்ட ஒரு மேய்ப்புப்பணிப் பயிற்சி, இதே சமூகத்தில் இரண்டு வருடமாவது நாற்காலி தூக்கிய பழக்கம் ஆகியவை வேண்டும். குழந்தைகள் இருக்கும் அறையில் எப்போதும் உறவினரல்லாத பெரியவர் இருவர். ஆலோசனை அறைக் கதவில் கண்ணாடி. துன்புறுத்தல் புகார் வந்தால் உள்விசாரணை நடத்தாமல் அன்றே மாநில அவசர எண்ணை அழையுங்கள். நீங்கள் சேரப்போகும் ஆயரிடமும் கேளுங்கள்: உங்களை யார் கேள்வி கேட்க முடியும், யார் நீக்க முடியும்? பதில் "யாருமில்லை" என்றால் அவர் கீழே போகாதீர்கள்.

கடைசியாக, சமூகம் மூடப்பட்டால் சொத்து எந்த வரிவிலக்கு அமைப்புக்குப் போகும், பதிவேடுகளை யார் வாங்கிக்கொள்வார் என்று சட்டவிதிகளில் முதல் ஆண்டே எழுதி, ஏற்கும் தரப்பின் சம்மதத்தையும் வாங்கி வையுங்கள். சாவிப் பட்டியல், வங்கிக் கையொப்பதாரர்கள், காப்பீட்டு எண், இடம் தந்த கோவிலோடு செய்த ஒப்பந்தம் நான்கும் ஒரே கோப்பில், உங்களைத் தவிர இன்னும் இருவர் கையில் இருக்க வேண்டும்.